சொரேன் பள்ளத்தாக்கும் நான் எரித்த குறிப்பேடும்

௧

இக்குறிப்புகளை நான் எழுதியாக வேண்டும். ஆல்ப்சு மலைத்தொடரில் சொரேன் என்றொரு பள்ளத்தாக்கு இருந்தது. அதன் நிலம், வரலாறு, வாழ்க்கைமுறை ஆகியவற்றைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட நூல் ஒன்று என் மரப்பெட்டியில் கிடக்கிறது. எழுதியவன் நானே. நூற்றுப் பன்னிரண்டு பக்கம்; திருத்தமான கையெழுத்து; புணர்ச்சிப் பிழை ஒன்றுகூட இல்லை. ஆயினும் அது நம்பத் தகாத நூல். எனக்குப் பின் யாரேனும் அதைக் கண்டெடுத்து மெய்யென்று கொள்ளுமுன், அதில் எது நான் கேட்டது, எது நான் கட்டியது என்று பிரித்துச் சொல்லிவிட வேண்டும். முழுவதும் பிரிக்க இயலாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்துவான் சாமி மறைந்து இன்றோடு ஓராண்டு. மூன்று திங்களுக்கு முன் சீமையிலிருந்து என் மகள் எழுதிய மடலும் வந்து சேர்ந்தது. இனி ஒத்திப்போட இடமில்லை.

தாயகத்து அன்பர்கள் என்னை அறியார். காவிரிக் கரைச் சமவெளியில் பிறந்தவன். மலாக்கா நகரில் காஜா பேராங் பகுதியில் குடியேறி இருபத்தெட்டு ஆண்டுகள் ஆயின. (இவ்வூர்ப் பெயரை ஊரார் ஒலிக்கும் வண்ணமே எழுதுகிறேன். முன்பெல்லாம் அப்படி எழுதியவன் அல்லன்.) தமிழ்ப்பள்ளியில் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றேன். பனி படிந்த மலை எதையும் என் கண்கள் கண்டதில்லை. நான் கண்ட மலையெல்லாம் செய்யுளில் கண்டதே.

௨

அந்துவான் சாமி பிரெஞ்சுப் பாதிரியார். கத்தோலிக்கத் தமிழர் பாதிரியாரைச் சாமி என்றே அழைப்பர். சுற்றிலும் இருந்த நாங்களும் அப்படியே அழைத்தோம். ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டும் நம் மக்களிடையே முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றி, கால் தளர்ந்தபின் எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு பலகை வீட்டில் வந்து தங்கினார். நான் சைவன். எங்களுக்குள் சமயப் பேச்சு எழுந்ததே இல்லை. பேசியதெல்லாம் தமிழைப் பற்றித்தான்.

"ஐயா, தாங்கள் வழங்கும் சொற்களிற் பாதி தமிழல்ல" என்று ஒருநாள் குறைப்பட்டேன்.

"என்ன வாத்தியாரே செய்யறது? நான் தமிழ் படிச்சது சனங்க செஞ்ச பாவத்தச் சொல்ற பாவசங்கீர்த்தனம் கேட்டு. சாராயம், அடிதடி, அடுத்தவன் பொண்டாட்டி... இந்த வார்த்தையெல்லாம் எனக்கு அத்துப்படி. நல்ல வார்த்தை நீங்கதான் சொல்லித் தரணும்."

மலாயாவின் விடுதலைக்கு நாள் குறிக்கப்பட்ட ஆண்டு அது. வெளிநாட்டிற் பிறந்தோர் எல்லாம் பதிவு அலுவலகத்துக்கு நடையாய் நடந்தோம். சாமியின் கையைப் பற்றி அழைத்துச் சென்றவன் நான். பலகைத் தடுப்புக்கு அப்பாலிருந்த எழுத்தர் (இங்கே கிராணி என்பர்) அவரை மேலும் கீழும் நோக்கி, பிறப்புச் சான்று எங்கே என்று மலாய்மொழியிற் கேட்டார். அதைப் பெறுவதற்காகத் தம் பிறந்த ஊர்க்குச் சாமி மடல் எழுதினார். அறுபது ஆண்டுகளுக்குப் பின் எழுதும் முதல் மடல் என்பதால் இன்னொன்றையும் அதிற் கேட்டார். தம் தாயைப் புதைத்த இடம் எது என்று.

உறை பிரிக்கப்படாமலே திரும்பி வந்தது. அதன் மேல் ஊதா மையில் ஒரு முத்திரை: அப்படியோர் ஊர் இல்லை.

பிறகு மாவட்டத் தலைநகர்க்கு எழுதினார். மூன்று திங்கள் கழித்துத் தட்டச்சு செய்த தாள் ஒன்று வந்தது. என் வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து வரிவரியாகத் தமிழில் எனக்குச் சொன்னார். மின்னாற்றலுக்காக அணை எழுப்பியதில் சொரேன் நீரில் மூழ்கிவிட்டது. ஊர்ப் பதிவேடுகள் சில இடமாற்றத்திற் கெட்டுப்போயின. தங்கள் குடும்பத்தைப் பற்றிய ஏடு கிடைக்கவில்லை. கல்லறைகளிலிருந்து எடுத்தவற்றை மேட்டில் ஒரே இடத்தில் அடக்கம் செய்துள்ளோம்.

சாமி தாளை நான்காக மடித்தார். "எங்க பொறந்தேன்னு அந்தக் கிராணி கேட்டா இனிமே தண்ணிக்குள்ளேன்னு சொல்லணும். மீனுக்கு அடையாள அட்டை கொடுப்பாங்களா வாத்தியாரே?"

தாளை என் கையில் வைத்தபடி சொன்னார்: "நீங்க எழுதுங்க. நான் சொல்றேன். எல்லாத்தையும் சொல்றேன்."

"பிரெஞ்சு மொழியில் தாங்களே எழுதலாமே."

"கை நடுங்குது. அதோட, எங்க ஊர்ப் பேச்சு பிரெஞ்சு இல்ல. அதுக்கு எழுத்தே கிடையாது. கனவுல எங்க அம்மா வர்றா, அவளே இப்பத் தமிழ்லதான் பேசறா. தமிழ்லயே எழுதுங்க."

௩

அவர் சொன்னவற்றுள், அவருடையவையே என்று இன்றும் நான் உறுதிகூறக் கூடியவற்றை முதலில் தருகிறேன்.

பள்ளத்தாக்கு கிழக்கு மேற்காக ஓடுகிறது, நடுவே ஆறு. ஆற்றின் வடகரைச் சரிவு வெயிற்புறம். தென்கரைச் சரிவு நிழற்புறம். நிழற்புறத்து வீடுகளுக்குக் குளிர்காலத்தில் ஏறக்குறைய நூறு நாள் கதிரவன் தோன்றுவதே இல்லை, மலைமுகடு மறைத்துவிடும். சாமியின் வீடு நிழற்புறத்தில் இருந்தது. இரு கரைக்கும் இடையே பெண் கொடுத்துப் பெண் எடுப்பது அரிதாம். வெயிலில் வளர்ந்தவளை நிழலுக்குக் கொடுக்கத் தாய்மார் மனம் ஒப்பமாட்டார்கள்.

சரிவு செங்குத்தானது. மழையும் பனியும் ஆண்டுதோறும் மேற்பாத்தியின் மண்ணைக் கீழே இறக்கிவிடும். இளவேனிலில் ஆணும் பெண்ணும் அம்மண்ணைக் கூடையில் அள்ளி முதுகிற் சுமந்து மீண்டும் மேலே கொட்டுவர். தம் தாய் அவ்வாறு சுமந்த மண்ணே தமக்குச் சோறு என்றார் சாமி.

விளைவது சேகல் என்னும் கருநிறத் தவசம். அதைக் கொண்டு ஆண்டுக்கு ஒருமுறை, குளிர் தொடங்குமுன், ஊர்ப் பொது அடுப்பில் ரொட்டி சுடுவர். வீட்டுக்கு வீடு மரமுத்திரை உண்டு. அதை மாவில் அழுத்தித் தம் ரொட்டியை அடையாளம் காண்பர். மாசிக்குள் அது கல்லாய் இறுகிவிடும்; பலகையோடு கீல் வைத்துப் பிணைத்த கத்தியால்தான் அதை அறுக்க முடியும். விறகு குறைவு. மாட்டுச் சாணத்தை வறட்டியாகத் தட்டிச் சுவரிற் காயவைத்து எரிப்பர். இதை நான் புனைந்தேன் என்று எண்ணுவீர்கள், இல்லை. தோட்டத்தில் முதன்முதல் வறட்டியைக் கண்ட நாளில், அதை மோந்து பார்த்து அழுததாக அவரே சொன்னார். குளிர்காலம் முழுவதும் குடும்பம் மாட்டுத் தொழுவத்திலேயே படுத்துறங்கும். மாடுகளின் மூச்சே அவர்களுக்குக் கணப்பு.

வரலாறு என்று பெரிதாக இல்லை. அரசர்கள் மாறினர். மாறுந்தோறும் ஓர் அலுவலர் வந்து சுங்கச்சாவடிக் கதவில் புதிய சின்னம் தீட்டிவிட்டுப் போவார். ஊரார்க்கு முதன்மையானது மேய்ச்சல் உரிமை ஓலை ஒன்றே. அது ஐந்து பூட்டுடைய பெட்டியில் இருந்தது. ஐந்து திறவுகோலும் ஐந்து சேரியில். ஐந்து பேர் கூடாமல் பெட்டி திறவாது.

இலையுதிர் காலத்தில் ஆண்கள் கீழ்நாட்டுச் சந்தைகளுக்கு இறங்கி ஆசிரியராக வேலை தேடுவர். தொப்பியில் இறகு செருகியிருப்பர். எழுத்துக் கற்பிப்பவனுக்கு ஓர் இறகு; கணக்கும் கற்பிப்பவனுக்கு இரண்டு; இலத்தீனும் அறிந்தவனுக்கு மூன்று.

"உங்களுக்கு மூணு இறகு வாத்தியாரே" என்றார் சாமி. "ஆனா கணக்குக்கு ஒண்ணப் பிடுங்கிடணும்."

இறுதியாக ஒன்று. பனிக்காலத்தில் ஊரில் யாரேனும் இறந்தால் குழி தோண்ட இயலாது; மண் பாறையாக இறுகியிருக்கும். உடலைப் பெட்டியிலிட்டு வீட்டுக் கூரைமேல் ஏற்றிப் பனியால் மூடிவைப்பர். பனி உருகும் நாளில் மக்கள் ஆர்ப்பரித்துக்கொண்டு வெளியே வருவர். அன்றே கூரையிலிருந்து இறந்தோரை இறக்கிப் புதைப்பர். சாமிக்குப் பத்து அகவையானபோது, ஒரு குளிர்காலத்தில் அவர் தாய் மறைந்தார். மகன் அடியிலும் தாய் கூரைமேலுமாக ஆறு கிழமை கழிந்தது. பனி உருகுமுன் சிற்றப்பன் ஒருவர் வந்து சிறுவனைக் கீழ்நாட்டு மடத்துப் பள்ளிக்கு அழைத்துப் போய்விட்டார். தந்தையும் அவ்வாண்டே வேலை தேடி நகர்க்குப் போனார். பிறகு திரும்பிப் போக வீடு இல்லை. தாயை இறக்கியதை அவர் காணவில்லை.

இதைச் சொன்ன அன்று தாயின் பெயரையும் சொன்னார். பென்சிலால் எழுதிக்கொண்டேன்.

௪

இனி என் பிழை.

அவர் பேச்சு தோட்டத்துத் தமிழும் மலாயும் பிரெஞ்சும் எழுத்தில்லா மலைப்பேச்சும் கலந்தது. கேட்டதைக் கேட்டபடியே முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதினேன். பிறகு அதைத் தூய தமிழாக்கிப் படியெடுத்தேன். சேகல் என்பதற்கு நம்மிடம் சொல் இல்லை. மலையில் விளைவது தினைதானே என்று தினை என எழுதினேன். ரொட்டி அப்பமாயிற்று. தினை வந்தபின் தினைப்புனம் வந்தது. புனம் வந்தபின் அதைக் காக்கும் மகளிரும், அவர்கள் ஓட்டும் கிளிகளும் தாமே வந்தன. அருவி வந்தது. தேனடை வந்தது. நான் பொய் எழுதுவதாக ஒருபோதும் எண்ணவில்லை. மலை என்றால் அது குறிஞ்சி. நாற்பது ஆண்டு அப்படித்தான் கற்பித்திருக்கிறேன்.

பாதி முடிந்ததும் ஒரு மாலையில் அவர்க்குப் படித்துக் காட்டினேன். கண்மூடிக் கேட்டார். முடிந்ததும் சொன்னார்:

"ரொம்ப அழகா இருக்கு வாத்தியாரே. இது எந்த ஊரு?"

தேநீர் கொண்டுவந்த என் மகள் பூங்கோதை சிரித்துவிட்டாள். ஆங்கிலப் பள்ளியிற் படித்து, அங்கேயே ஆசிரியையாகவும் இருந்தவள். என் தமிழை அவள் படித்ததில்லை; காதால் கேட்பதோடு சரி.

"சாமி, அது உங்க ஊருதான்லா! அப்பா நகை போட்டு, பொட்டு வெச்சுக் கூட்டியாந்திருக்காரு. அதான் உங்களுக்கே அடையாளம் தெரியல."

"போ அம்மா, உனக்கு என்ன தெரியும்" என்றேன்.

"எனக்குத் தெரியாதுப்பா. சாமிக்குத் தெரியணும்ல? அவரு ரொட்டின்னுதானே சொன்னாரு. நீங்க ஏன் அப்பம் சுடுறீங்க?"

சாமி சிரிப்பில் கலந்துகொள்ளவில்லை. "அம்மா எங்க?" என்றார். "கூரை மேல இருந்தாளே. அது வரலையே."

"ஐயா, பிணத்தைக் கூரையில் வைத்தனர் என்று எழுதினால் நம் நாட்டார் முகம் சுளிப்பர். 'அன்னையார் அக்குளிர்காலத்தில் மறைந்தார். மண் அவரை ஏற்றுக்கொண்டது' என்று முடித்திருக்கிறேன்."

அவர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

"மண்ணு ஏத்துக்கலையே வாத்தியாரே. அதுதானே விஷயம்."

நான் ஏட்டை மூடிவைத்தேன். "சரி, உங்களுக்குத் தெரியும்" என்று கூறி எழுந்து போய்விட்டார். மறுநாள் முதல் வழக்கம்போல் வந்தார். அதைப் பற்றி மீண்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திருத்தியிருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். திருத்தியிருக்க மாட்டேன்.

௫

தை பிறக்கும் முன்னாள் போகியன்று படியெடுக்கும் வேலை முடிந்தது. குறிப்பேட்டைப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் கொச்சையும் பிறமொழியும். இது என் கையெழுத்தில் இருந்து, நாளை யாரேனும் கண்டால் என்ன நினைப்பர் என்று நாணினேன். பழையன கழிக்கும் நாளாகவும் வாய்த்தது. வீட்டுப் பின்புறத்தில் உலர்ந்த தென்னோலையோடு சேர்த்து எரித்தேன்.

வேலிக்கு அப்பால் தெய்வானை அம்மையார் வீடு. அவர் மலாக்காச் செட்டி வகுப்பினர்; பல தலைமுறைக்கு முன் வந்த நம் வணிகரின் வழியினர். பெயரும் தெய்வமும் தமிழ், பேச்சு மலாய். தமிழை இழந்த மக்கள் என்று அவர்கள்மேல் எனக்கு எப்போதும் ஓர் இரக்கம் உண்டு. போகியன்று அவர்கள் இறந்தோர்க்கு இலைபோட்டுப் படைப்பது வழக்கம். அன்று அவர் வீட்டுக் கூடத்தில் வரிசையாக இலைகள். அம்மையார் ஒவ்வோர் இலையிலும் எதையெதையோ எடுத்து வைத்து, ஒவ்வொருவர் பெயரையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். மாமனார்க்குக் கருவாடு. பாட்டனின் தமையனுக்குச் சுருட்டு, அதுவும் கரிய சுருட்டே. தாம் பிறக்குமுன்னே இறந்த ஒருத்திக்கு உறைப்பில்லாத குழம்பு; அவளுக்கு உறைப்பு ஒவ்வாதாம்.

புகை கண்டு வேலியோரம் வந்தார். "அப்பா பாக்கார், சிகு?" என்றார். என்ன எரிக்கிறீர் ஆசிரியரே என்று பொருள்.

குப்பை என்றேன்.

பங்குனியிற் சாமிக்கு வாதம் தாக்கியது. உயிர் தப்பினார், நினைவு தேய்ந்துவிட்டது. நாள்தோறும் மாலையில் என் நூலைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். அதனால் நினைவு மீளும் என்று நம்பி நானும் படித்தேன். இரண்டு திங்கள் ஆனபின், படிக்காத ஒரு மாலையில் அவராகவே பேசினார்.

"எங்க அக்கா கொல்லையில கிளி ஓட்டுவா வாத்தியாரே. தினை முத்துனா பச்சப் பசேர்னு வந்து உட்காரும்."

அவர்க்கு அக்கை இல்லை. அம்மலையிற் கிளியும் இல்லை.

மறுநாளிலிருந்து படிப்பதை நிறுத்தினேன். காலங்கடந்துவிட்டது. நான் எழுதியவை அவருள் இறங்கி, அங்கிருந்தவற்றின் மேல் அமர்ந்துவிட்டன. கிளி பொய் என்று எனக்கே தெரியும். ஏனையவை? கதிரவன் மீண்டு வரும் நாளில் நிழற்புறத்தார் பாலத்தின்மேல் கூடுவர் என்று அவர் சொன்னது உறுதி. கூடி என்ன செய்தனர்? பாலைக் காய்ச்சிப் பொங்கவிட்டனர் என்று என் நூலில் உள்ளது. முதல் வெயில் படுமாறு ரொட்டியைக் கைப்பிடிச் சுவரில் வைத்தனர் என்று ஒரு மங்கிய நினைவும் எனக்குண்டு. சாமியிடம் கேட்டேன். "பால் பொங்குச்சு வாத்தியாரே, பாலம் பூரா வழிஞ்சுச்சு" என்று களிப்போடு சொன்னார். அது அவர் நினைவா, என் எழுத்தா? பூங்கோதையைக் கேட்டேன்.

"எனக்கு ஞாபகம் இல்லப்பா. நீங்க ரெண்டு பேரும் பேசுனா நான் நோட்டுத் திருத்திக்கிட்டு இருப்பேன். அந்த முதல் நோட்டப் பாருங்களேன்."

விடுதலை நாளன்று தெருவெங்கும் மெர்டேக்கா முழக்கம். ஊர்திகள் ஊதிக்கொண்டு போயின. சாமியின் நாற்காலியைக் கதவோரம் நகர்த்திவைத்து அருகில் நின்றேன்.

"என்ன சத்தம்?"

"நாடு விடுதலை பெற்றது, ஐயா."

அவர் முகம் மலர்ந்தது. "பனி உருகிடுச்சா?" என்றார். பிறகு என் கையைப் பிடித்தார். "அப்ப அம்மாவ இறக்கிட்டாங்களா?"

நான் எழுதாமல் விட்ட அது ஒன்றே அவரிடம் கெடாமல் இருந்தது.

"இறக்கிவிட்டார்கள்" என்றேன்.

"மண்ணு ஏத்துக்கிச்சா?"

"ஏற்றுக்கொண்டது, ஐயா."

அடுத்த கிழமை அவர் மறைந்தார். பதிவு அலுவலகத்திலிருந்து அவர் பெயர்க்கு ஓர் அறிவிப்பு அதன் பின்னரும் வந்தது: பிறப்புச் சான்று இன்னும் அளிக்கப்படவில்லை.

௬

பூங்கோதை மேற்பயிற்சிக்காகச் சீமைக்குப் போனாள். திரும்பி வருவாள் என்று சொல்லிக்கொள்கிறேன். மடல்கள் ஆங்கிலத்தில் வருகின்றன. அவற்றிலும் வரிகள் குறைந்துகொண்டே போகின்றன. விடுமுறையில் அவளைச் சொரேனுக்குப் போகச் சொன்னேன். பாலா ரொட்டியா என்பதைக் கேட்டறிய வேண்டும். சாமியின் தாயின் கல்லறையைக் கண்டு ஒரு மலர் வைக்க வேண்டும். அவள் போனாள். அதற்கு அவளுக்கு நான் கடன்பட்டவன். அவள் எழுதியதன் பொருளை மட்டும் தருகிறேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை.

நீலநிற ஏரி. படகில் மக்கள் உலாவுகிறார்கள். விடுதியில் வேலை செய்பவர்கள் எல்லாரும் வேற்றூரார். பாலத்தைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை. மேட்டிற் கல்லறை இருக்கிறது. எல்லாரையும் ஒன்றாகப் புதைத்து, ஒரே கல்லிற் பெயர்களை வெட்டியிருக்கிறார்கள், ஆண்டு குறிக்கப்படவில்லை. சாமியின் குடும்பப் பெயர் ஊரிற் பாதிப் பேர்க்கு உண்டு. அப்பெயரில் மட்டும் பதினொரு பெண்கள். அப்பா, அவர் அம்மாவின் பெயர் என்ன? உங்கள் நூலில் இருக்கும் அல்லவா, பார்த்து எழுதுங்கள். நான் நாளை வரை இங்கே இருப்பேன்.

அம்மடல் என் கைக்கு வரவே மூன்று கிழமை ஆயிற்று. அவள் சொன்ன நாளை என்றோ கடந்துவிட்டது. இருந்தும் நூலை எடுத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். அன்னையார், அன்னையார், அன்னையார். பதினேழு இடத்தில் அன்னையார். பெயர் ஓரிடத்திலும் இல்லை. அயல்மொழிப் பெயர் செய்யுள்நடைக்குப் பொருந்தாது என்று நீக்கியிருக்கிறேன். அது ஒரே ஓர் இடத்தில் பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. அவ்விடம் சாம்பலாகித் தென்னைக்கு எருவாயிற்று. முதலெழுத்தேனும் நினைவுக்கு வருமா என்று பல நாள் முயன்றேன். வரவில்லை. சாமி பயின்ற மடத்துக்கு எழுதினேன், விடையில்லை.

சென்ற போகியன்று தெய்வானை அம்மையார் சாமிக்கும் ஓர் இலை போட்டார். தம் வீட்டிற் சில நாள் உண்டவர் என்பதால். நன்றாக முறுகச் சுட்ட ரொட்டி ஒன்றை அதில் வைத்தார். ஏன் ரொட்டி என்று கேட்டேன். அவர் அதைத்தான் கேட்பார், ஆசிரியரே, கல்போல் இருக்க வேண்டும் என்பார் என்றார் மலாய்மொழியில். சாமியின் தாய்க்கும் இலை போட விரும்பினாராம். பெயர் தெரியாமையால் போடவில்லை. என்னிடம் கேட்டார். நான் வீட்டுக்குள் வந்துவிட்டேன்.

இதைப் படிக்கும் அன்பர்களுள் மலைநாடுகளை அறிந்தோர், பிரெஞ்சுப் பாதிரிமாரோடு பழகியோர் யாரேனும் இருப்பின், மேலே நான் மெய்யென்று தந்தவற்றிலும் பிழை காணக்கூடும். அருள்கூர்ந்து எழுதித் தெரிவியுங்கள். நூலில் உள்ளவற்றைத் திருத்த என்னால் இனி ஆகாது. திருத்துவதற்கு மூலம் இல்லை. செய்யக்கூடியது ஒன்றைச் செய்திருக்கிறேன். அன்னையார் என்றிருந்த பதினேழு இடத்தையும் கூரிய கத்தியாற் சுரண்டி, ஒரு பெயர் எழுதும் அளவுக்கு வெற்றிடம் விட்டிருக்கிறேன்.